புகையும் விறகும்

1

தமிழில் அளவை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. படி, மரக்கால் முதலியவை அளவை. காட்சி, அனுமானம் என்று, ஒன்றை உண்டென்று சொல்ல நமக்கு அதிகாரம் தருகிற வழிகளும் அளவை. நெல் அளக்கிறவனுக்கும் பிரமாணம் பேசும் தார்க்கிகனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த பாஷைக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பின்னால் இந்த இரண்டும் பிரிந்துவிட்டன. 'எவ்வளவு' என்ற கேள்வி கருவிகளோடு சேர்ந்து விஞ்ஞானியிடம் போயிற்று. 'எந்த உரிமையில் சொல்கிறாய்' என்ற கேள்வி தத்துவப் பேராசிரியரிடம் போய், வருஷா வருஷம் பரீட்சைக்கு வரும் கேள்விகளில் ஒன்றாக முடங்கியது.

பிரிந்த இரண்டும் சந்திக்காமல் தப்பிக்க முடியாத ஓர் இடம் இன்றைய வானியலில் இருக்கிறது. நம் பால்வீதிக்கு வெளியே, பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள காலக்ஸிகளில் மூலக்கூறு வாயு எவ்வளவு இருக்கிறது என்று ரேடியோ தொலைநோக்கிகளால் அளக்கும் காரியம் அது. வானியல் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரமிப்பை விநியோகம் செய்கிறவர்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனை பூஜ்யங்கள் என்று சொல்லிவிட்டு வாசகனை வாய் பிளக்க விட்டுப் போய்விடுவார்கள். அந்த எண் எப்படி வந்தது, அதைச் சொன்னவன் எதைக் கேட்டான், எதை ஊகித்தான் என்று கேட்பதில்லை. கேட்டால் பிரமிப்பு போய்விடும் என்ற பயமோ என்னவோ. எனக்குப் பிரமிப்பில் அக்கறை இல்லை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத ஒன்றைப் பற்றி, வேறொன்றின் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவனுக்கு என்ன கடமை என்ற கேள்விதான் என்னை இங்கே இழுக்கிறது. இது விஞ்ஞானத்துக்குள் மட்டும் அடங்குகிற கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

2

முதலில் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

நட்சத்திரங்கள் வாயுவிலிருந்து பிறக்கின்றன. எந்த வாயுவும் போதாது. குளிர்ந்து, அடர்ந்து, ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகிவிட்ட வாயு வேண்டும். ஆகவே ஒரு காலக்ஸியின் வருங்காலம் என்ன, இன்னும் எத்தனை நட்சத்திரங்களுக்கு அதில் முதல் மிச்சமிருக்கிறது என்று அறிய வேண்டுமானால் இந்த மூலக்கூறு ஹைட்ரஜனை அளக்க வேண்டும். பிரபஞ்சத்தில் மிக அதிகமாக உள்ள மூலக்கூறு இதுதான். ஆனால் இது பேசாது.

பேசாததற்குக் காரணம் அதன் சமச்சீர். ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்தது. மின்னேற்றம் இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. சாய்வு உள்ள மூலக்கூறு சுழலும்போது எளிதாக ரேடியோ அலையை வெளியிடும். ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பலவீனமான இன்னொரு வழி உண்டு. ஆனால் அதற்கு மூலக்கூறு ஏற வேண்டிய முதல் படியே சுமார் 510 கெல்வின் உயரத்தில் இருக்கிறது. நட்சத்திரம் பிறக்கும் மேகங்களின் உஷ்ணநிலை 10 முதல் 20 கெல்வின் வரைதான். அதாவது தண்ணீர் உறையும் நிலைக்கு 250 டிகிரிக்கும் கீழே. அந்தக் குளிரில் ஹைட்ரஜன் அந்தப் படியில் ஏறுவதில்லை. மிகுதியாக இருப்பதும் மௌனமாக இருப்பதும் ஒரே பொருளாக அமைந்துவிட்டது.

1970இல் ஜார்ஜ் கர்ரதர்ஸ் ஒரு ராக்கெட்டில் புற ஊதாக் கருவியை அனுப்பி, க்ஸை பெர்ஸெய் என்ற நட்சத்திரத்தின் ஒளியில் மூலக்கூறு ஹைட்ரஜன் விட்டுச்சென்ற தடத்தைக் கண்டார். விண்வெளியில் அது இருப்பதற்கு முதல் நேர்ச் சான்று அது. ஆனால் பின்னால் ஒரு நட்சத்திரம் பிரகாசிக்க வேண்டும், வாயு அதை மறைக்காத அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அதற்கு இருந்தன. நட்சத்திரம் பிறக்கும் அடர்ந்த மேகத்துக்குள் புற ஊதா ஒளி போகாது.

அதே 1970இல் ராபர்ட் வில்ஸன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்ஸியாஸ் மூவரும் அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தின் கிட் பீக்கில் இருந்த 36 அடி ரேடியோ தொலைநோக்கியை ஓரியன் நெபுலாவின் பக்கம் திருப்பி, கார்பன் மோனாக்ஸைடின் குரலைக் கேட்டார்கள். 115 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண், அலைநீளம் 2.6 மில்லிமீட்டர். கரியடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்துத் தூங்குகிறவர்களைக் கொல்கிற அதே வாயு. இதில் கார்பன் ஒரு பக்கம், ஆக்ஸிஜன் ஒரு பக்கம், சாய்வு உண்டு. இதன் முதல் படி 5.5 கெல்வின் உயரம்தான். எவ்வளவு குளிரிலும் இது பேசும். ஹைட்ரஜன் இருக்கும் மேகங்களில்தான் இதுவும் இருக்கிறது. தன்னந்தனியாகத் திரியும் கார்பன் மோனாக்ஸைடை ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மோதி மோதி எழுப்பிவிடுகின்றன. எண்ணிக்கையில் மட்டும் சிறுபான்மை: சுமார் 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு 1.

பத்தாயிரத்தில் ஒன்று பேசுகிறது. அதன் பேச்சை வைத்து மீதி அனைத்தையும் எடைபோடுகிறோம்.

3

மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் மலையும் புகையும் நெருப்பும் அடுக்களையும் வருகின்றன. புத்தருடைய அளவைகள் இரண்டே: காட்சி, கருத்து. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் கண்டதுபோல. இந்திய தருக்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் கையாண்ட உதாரணம் இது. இதில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற உறுப்பு அடுக்களைதான். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை ஒருவன் எங்கேயோ ஓரிடத்தில், பக்கத்தில், தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அந்த அடுக்களை இல்லாமல் மலையைப் பற்றி வாய் திறக்க அவனுக்கு உரிமை இல்லை.

வானியல்காரனின் நிலைமை இதைவிடச் சங்கடமானது. அவன் அடுக்களையிலும் நெருப்பைக் கண்டதில்லை. தூரத்து மலையில் நெருப்பு இருக்கிறது என்று சொல்வதோடு அவன் நிறுத்தவும் முடியாது. எத்தனை மணங்கு விறகு எரிகிறது என்று சொல்ல வேண்டும். உண்டு என்று சொல்லும் அனுமானம் வேறு, இவ்வளவு உண்டு என்று சொல்லும் அனுமானம் வேறு. முன்னதற்குப் புகைக்கும் நெருப்புக்கும் பிரியாத உறவு இருந்தால் போதும். பின்னதற்கு அந்த உறவுக்கு ஓர் எண் வேண்டும்.

அந்த எண்ணுக்கு ஒரு பெயர் உண்டு: மாற்று விகிதம். ஆய்வுக் கட்டுரைகளில் ஆல்ஃபா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். கேட்ட ஒளியின் அளவை இந்த ஆல்ஃபாவால் பெருக்கினால் வாயுவின் எடை கிடைக்கும். நம் பால்வீதிக்கு அதன் மதிப்பு, வழக்கமான அலகுகளில், 4.3. இந்த 4.3ஐ யாரும் வானத்தில் எழுதிவைத்திருக்கவில்லை. பல சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்துப் பெற்றது. ஒரு மேகத்துக்குள் வாயு எவ்வளவு வேகத்தில் அலைகிறது என்று ரேடியோக் கோட்டின் அகலம் சொல்லும். அந்த வேகத்தில் அலைவதைச் சிதறாமல் கட்டிவைக்க எவ்வளவு எடை வேண்டும் என்று புவியீர்ப்பு விதி சொல்லும். மேகத்தில் உள்ள தூசியின் வெப்ப ஒளியை அளந்து, அவ்வளவு தூசிக்கு இவ்வளவு வாயு என்று இன்னொரு பக்கமாக வரலாம். காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதும்போது காமாக் கதிர் எழுகிறது. பேசாத ஹைட்ரஜனையும் மோதல் காட்டிக்கொடுத்துவிடும். ஆல்பர்ட்டோ பொலாட்டோ, மார்க் வுல்ஃபையர், ஆடம் லெராய் மூவரும் 2013இல் இந்தச் சாட்சியங்களை எல்லாம் தொகுத்துப் பார்த்து, பால்வீதியின் தட்டுப் பகுதியில் இவை 30 சதவீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகின்றன என்று முடிவு சொன்னார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கார்பன் மோனாக்ஸைடின் ஒளி மேகத்தின் உள்ளிருந்து நேராக வருவதில்லை. அந்த ஒளிக்கு மேகம் ஊடுருவ முடியாத திரை. நாம் காண்பது மேற்பரப்பை. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம் என்று நினைப்பது தவறு. மேகம் எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு அலைச்சல் என்பதைத்தான் அந்த ஒளி எடுத்து வருகிறது. அகலமும் அலைச்சலும் எடையோடு ஓர் ஒழுங்கில் சேர்ந்திருக்கிற வரைதான் ஆல்ஃபாவுக்கு அர்த்தம். அந்த ஒழுங்கு நம் வீட்டு ஒழுங்கு. பால்வீதிதான் நமக்குக் கிடைத்த அடுக்களை.

4

இப்போது மலைக்குப் போவோம்.

1991இல் ராபர்ட் பிரவுனும் பால் வாண்டன் பௌட்டும், அதே கிட் பீக்கில் 12 மீட்டர் தொலைநோக்கியால், ஐராஸ் எஃப் 10214+4724 என்ற காலக்ஸியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு ஒளியைக் கண்டதாக அறிவித்தார்கள். அந்த ஒளி புறப்பட்டு 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிரபஞ்சம் விரிந்ததில் அலை மூன்று மடங்குக்கும் மேல் நீண்டு, 346 கிகாஹெர்ட்ஸில் கிளம்பியது 105 கிகாஹெர்ட்ஸில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு கேட்டிருந்த கார்பன் மோனாக்ஸைடு எல்லாம் இதோடு ஒப்பிட்டால் அக்கம்பக்கத்துப் பேச்சு. கேட்டதை மாற்று விகிதத்தால் பெருக்கியபோது, பால்வீதியின் மூலக்கூறு வாயுவைப் போல் மிகப் பல மடங்கு எடை வந்தது. தன் நட்சத்திரங்களை இன்னும் பெற்றெடுக்காத ஆதிக் காலக்ஸி ஒன்று அகப்பட்டுவிட்டதோ என்று பேச்சு எழுந்தது.

அடுத்த ஆண்டு ஃபில் ஸாலமன், டென்னிஸ் டௌன்ஸ், ஸைமன் ராட்ஃபோர்ட் மூவரும் ஸ்பெயினில் உள்ள 30 மீட்டர் தொலைநோக்கியால் அதையே அளந்தார்கள். கோடு இருந்தது, ஆனால் முதலில் சொன்னதைவிட மிகவும் பலவீனமாக இருந்தது. 1990களின் நடுவில் இன்னொன்றும் தெளிவாயிற்று. நமக்கும் அந்தக் காலக்ஸிக்கும் நடுவில் இன்னொரு காலக்ஸி நிற்கிறது. அதன் ஈர்ப்பு, லென்ஸ்போல, பின்னால் உள்ளதன் ஒளியை வளைத்துப் பெரிதாக்கி நமக்கு அனுப்புகிறது. வாயுவின் எடை மீண்டும் இறங்கியது.

இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, இவர்கள் எண்ணெல்லாம் இப்படித்தான் என்று சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. எண் இறங்கியபோது காலக்ஸி காணாமல் போகவில்லை. கேட்டது இவ்வளவு, அதற்கு மேல் நாங்கள் பெருக்கியது இவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தன. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் எந்தப் படியில் கை வைக்க வேண்டுமோ அந்தப் படியில் மட்டும் கை வைக்க முடிந்தது. நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். அங்கே சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. பணம் வந்திருக்கிறது, எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தெரியும்வரை அதில் நிற்கும். அந்தக் கணக்கு இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. வருஷக் கடைசியில் அதில் நிலுவை காட்டக் கூடாது என்பதற்காக வசதியான ஒரு தலைப்பில் தூக்கிப்போட்டு மூடுவதுதான் அவமானம். அப்படி மூடிய பிறகு புத்தகம் சரியாக இருக்கும். உண்மை திரும்பி வருவதற்கு வழி இருக்காது.

5

ஆனால் விஷயம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. மாற்று விகிதம் ஒன்றல்ல.

1998இல் டௌன்ஸும் ஸாலமனும் இரண்டு காலக்ஸிகள் மோதிக் கலக்கும் இடங்களை ஆராய்ந்தார்கள். அங்கே வாயு தனித்தனி மேகங்களாக இல்லை. மையத்தில் ஒரே படலமாக அப்பிக் கிடக்கிறது. அதன் அலைச்சலில் வாயுவின் எடைக்கு மட்டுமின்றி நட்சத்திரங்களின் எடைக்கும் பங்கு உண்டு. பால்வீதி விகிதத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால், வாயுவின் எடை அந்தப் பிரதேசத்தின் மொத்த எடையையே எட்டிப்பிடித்து மிஞ்சப் பார்க்கிறது. பகுதி முழுமையை மிஞ்ச முடியாது. ஆகவே இப்படிப்பட்டவற்றுக்கு 0.8 என்ற விகிதம் வழக்கில் வந்தது. 4.3க்கும் 0.8க்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இப்போது ஒரு தொலைதூரக் காலக்ஸி. அது அமைதியாகச் சுழலும் தட்டா, மோதிக் கலங்கியதா? தட்டு என்றால் ஒரு விகிதம், மோதல் என்றால் ஒரு விகிதம். அதாவது, அது எப்படிப்பட்டது என்று முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற தராசில் அதை நிறுக்கிறோம். 2010இல் இமானுவேல் டாடி குழுவினரும், ராயன்ஹார்ட் கென்ஸெல் குழுவினரும், நட்சத்திரப் பிறப்பில் இரண்டு வழிகள் உண்டு என்று எழுதினார்கள்: தட்டுக் காலக்ஸிகள் தங்கள் வாயுவை நிதானமாகச் செலவிடுகின்றன, மோதல் காலக்ஸிகள் அள்ளி இறைக்கின்றன. இரண்டு வரிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு பங்கு இரண்டு விகிதங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் என்பது அவர்களுக்கும் தெரியும். 2012இல் தேசிகா நாராயணனும் கூட்டாளிகளும் விகிதத்தை இரண்டு மதிப்புகளாக வைக்காமல் வாயுவின் நிலைமைக்கு ஏற்பப் படிப்படியாக மாறும்படி வைத்துப் பார்த்தபோது, இரண்டு வரிகளும் நெருங்கி ஒன்றாகின.

இதன் கனம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். லிண்டா டக்கோனியும் கூட்டாளிகளும் 2010இல், பிரபஞ்சத்துக்கு இப்போதைய வயதில் கால் பங்குகூட ஆகாத காலத்து சாதாரணப் பெரிய காலக்ஸிகளை பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள தொலைநோக்கி வரிசையால் அளந்து, நட்சத்திரமும் வாயுவும் சேர்ந்த மொத்தத்தில் சராசரி 44 சதவீதம் வாயு என்றார்கள். அது பால்வீதி விகிதத்தை வைத்துப் பெற்ற எண். அதற்குப் பதில் 0.8ஐ வைத்து நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: சுமார் 13 சதவீதம் வருகிறது. 44 என்றால் கதை இப்படி: ஆதிகாலத்துக் காலக்ஸிகள் அதிகமாக நட்சத்திரம் பெற்றதற்குக் காரணம் அவற்றின் செல்வம். 13 என்றால்: காரணம் அவற்றின் வேகம். வானத்திலிருந்து வந்த செய்தி இரண்டிலும் ஒன்றுதான். தட்டுகளுக்குப் பால்வீதியை ஒட்டிய விகிதமே பொருத்தம் என்பதற்கு நியாயம் உண்டு. அவற்றின் சுழற்சியிலிருந்து மொத்த எடையைக் கணக்கிட்டு டாடி குழுவினர் 3.6 என்ற மதிப்பை எட்டினார்கள். ஆகவே நான் 44ஐ நம்புகிறேன். ஆனால் எதை நம்புகிறேன் என்று தெரிந்துகொண்டு நம்புகிறேன்.

விமரிசனத் தொழிலில் இருக்கிறவனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒரு கவிதையை மரபு என்றோ புதுசு என்றோ முதலில் ஒதுக்கிவிட்டு, மரபுக்குரிய தராசில் மரபையும் புதுசுக்குரிய தராசில் புதுசையும் நிறுத்துவிட்டு, பிறகு இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள் என்று சொல்கிற கட்டுரைகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அவற்றுக்கும் மேலே சொன்னதற்கும் வித்தியாசம், வானியல்காரன் தன் தராசின் எண்ணைக் கட்டுரையில் அச்சிட்டுவிடுகிறான் என்பதுதான்.

6

இதைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது இன்னொரு விஷயம். சாட்சி இல்லாத இடம்.

சின்ன மெகல்லன் மேகம் என்ற குட்டிக் காலக்ஸி நமக்குச் சுமார் 2,00,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கார்பன், ஆக்ஸிஜன் போன்ற கனமான தனிமங்கள் அங்கே சூரியனில் இருப்பதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். தூசியும் குறைவு. இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடைக் காப்பது தூசிதான். தூசி குறைந்த இடத்தில் அது உடைந்துபோகும். ஹைட்ரஜனோ தன் மிகுதியாலேயே தன்னை மறைத்துக்கொண்டு பிழைத்துவிடும். அங்கே கார்பன் மோனாக்ஸைடின் குரல் மிக மெலிது; நட்சத்திரங்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. பால்வீதியிலேயே மேகங்களின் ஓரங்களில், காமாக் கதிர் காட்டிக்கொடுத்த, கார்பன் மோனாக்ஸைடு சொல்லாமல் விட்ட வாயுவை 2005இல் இஸபெல் கிரெனியேவும் கூட்டாளிகளும் கண்டார்கள். இருட்டு வாயு என்று அதற்குப் பெயர். இருட்டு அதனுடையது அல்ல, நம் சாட்சியினுடையது.

சூழ்நிலை கடுமையான இடத்தில் முதலில் சாவது சாட்சி. பிறகு வருகிறவன் சாட்சி இல்லாததைப் பார்த்துவிட்டு அங்கே ஒன்றுமே இல்லை என்று எழுதிப்போகிறான். சரித்திரம் முழுக்க இந்தப் பிழை நடந்திருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்ததைக்கொண்டு எழுதத் தெரியாதவர்களின் காலத்தையும் அளந்திருக்கிறோம். எழுத்து அழிக்கப்பட்ட இடங்களில் வாழ்க்கையும் மெலிதாக இருந்தது என்று நினைத்திருக்கிறோம்.

டி. எஸ். எலியட் 1919இல் ஹாம்லெட் பற்றி எழுதிய கட்டுரை நம் விமரிசனச் சூழலில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ஒன்று. உணர்ச்சி கலையில் வெளிப்பட அதற்கு ஈடான புறநிலைப் பொருள் தேவை என்ற கோட்பாட்டை அதில்தான் அவர் வைத்தார். ஹாம்லெட்டின் உணர்ச்சி நாடகத்தில் காட்டப்பட்ட சம்பவங்களை மிஞ்சி நிற்கிறது. ஈடான பொருள் கிடைக்கவில்லை. ஆகவே நாடகம் தோல்வி என்பது அவர் வாதம். பி.ஏ. வகுப்பில் இதைப் படித்த நாளிலிருந்து இதில் ஏதோ இடறுகிறது என்று எனக்கு இருந்தது. இன்று அதைச் சொல்ல முடிகிறது. எலியட் சாட்சியின் பற்றாக்குறையைக் கண்டுபிடித்தார். அது அவருடைய சாமர்த்தியம். மிஞ்சி நிற்கிற ஒன்று அங்கே இருக்கிறது என்பதையும் அவரே சொல்கிறார். அப்படியானால் அவர் கண்டது இருட்டு வாயு. அது இருப்பதை உணர்ந்துகொண்டே, கணக்கில் வராததால் கழித்துவிட்டார். நாலு நூற்றாண்டுகளாக மனிதர்கள் அந்த நாடகத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது கழிக்கப்பட்ட அந்த மிச்சத்துக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

7

அப்படியென்றால் பேசாமலே இருந்துவிடலாமே என்று ஒரு கட்சி. கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே. கேட்ட ஒளி இவ்வளவு என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள். வாயு எவ்வளவு என்பது உன் வேலை இல்லை. இது நேர்மையின் உச்சம்போலத் தோன்றும். 1835இல் அகுஸ்த் கோம்ட், நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று எழுதினார். 1857இல் அவர் இறந்தார். 1859-60இல் கிர்ஹாஃபும் புன்ஸனும் ஒளிப்பட்டையில் உள்ள கோடுகளிலிருந்து தனிமங்களை வாசிக்கும் வழியைக் காட்டினார்கள். கோம்ட் தவறிவிட்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடக்கம்போலத் தோன்றிய அந்தக் கூற்றுக்குள் எவ்வளவு பெரிய துணிச்சல் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். 'எனக்குத் தெரியாது' என்பது அடக்கம். 'யாருக்கும் தெரிய முடியாது' என்பது அடக்கம் அல்ல.

மாற்று விகிதத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்கிறவனும் ஒரு விகிதத்தைப் பயன்படுத்துகிறான். அதன் மதிப்பு பூஜ்யம். அவனுடைய பேரேட்டில் கார்பன் மோனாக்ஸைடு மட்டும் இருக்கிறது. பத்தாயிரம் மடங்கு ஹைட்ரஜன் இல்லை. பேசுகிற சிறுபான்மையை மட்டும் உலகம் என்று அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். ஊகத்தில் தவறு வரலாம் என்பது உண்மை; ஊகிக்க மறுப்பதில் தவறு வந்தே தீரும், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக, மௌனமாக இருப்பவற்றுக்கு எதிராகவே வரும். ஆகவே அனுமானம் நாம் உரிமையோடு எடுத்துக்கொள்கிற சலுகை என்பதைவிட, பேசாதவற்றுக்கு நாம் பட்டிருக்கிற கடன் என்று சொல்வதே பொருந்தும்.

இன்னொரு கட்சி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறது. விகிதம் எங்கிருந்து வந்தது, எந்த அடுக்களையில் சரிபார்த்தது, மலைக்குப் போனபோது என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதற்கு அனாவசியம். இவர்களால் கடன் தீராது. கடன் பத்திரம் தொலைந்துபோகும். கேட்டவன் ஒரு நாள் திரும்பி வந்து எப்படிச் சொன்னாய் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி என்று நான் சமரசம் பேச வரவில்லை. பேச வேண்டும், பேசும்போது, கேட்டது எது, கூட்டியது எது என்ற தையல் வெளியே தெரிய வேண்டும். தைத்த இடம் தெரியாமல் தைப்பது தையற்காரனுக்குப் பெருமையாக இருக்கலாம். மற்றவருக்காகப் பேசுகிறவனுக்கு அது பெருமை இல்லை. தையல் தெரிந்தால்தான் பிறகு வருகிறவன் பிரித்துத் தைக்க முடியும். தூரத்துக் காலக்ஸி நம்மைப் போன்றது என்று வைத்துக்கொண்டு தொடங்குவதைத் தவிர நமக்கு வழியில்லை. வேறு அடுக்களை நமக்குக் கிடையாது. அது நம்மைப் போன்றது அல்ல என்று காட்டும் சிறு அறிகுறிக்கும் இடம்விட்டு அப்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் வலியைப் பற்றிப் பேசும்போதும் இதற்கு மேல் ஒன்றும் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், ஆல்மா என்ற 66 ஆண்டென்னாக்களின் வரிசை 2013இல் முறையாகத் திறக்கப்பட்டது. காற்றில் ஈரம் இருந்தால் மில்லிமீட்டர் அலைகளை அது விழுங்கிவிடும். அதனால்தான் அவ்வளவு வறண்ட, அவ்வளவு உயரமான இடம். ஹப்பிள் தொலைநோக்கி ஆழ்ந்து படமெடுத்த ஒரு சிறு வானத்துண்டை ஆல்மாவைக் கொண்டு கார்பன் மோனாக்ஸைடுக்காகத் துழாவிய குழுவினர், 2019இலும் 2020இலும் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரபஞ்சத்தில் மூலக்கூறு வாயுவின் அடர்த்தி சுமார் 900 அல்லது 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்து, பிறகு இறங்கி, இன்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக நிற்கிறது என்கிறது அது. நட்சத்திரப் பிறப்பு உச்சத்துக்குப் போய் இறங்கிய கதையும் அதையொட்டியே போகிறது. பிரபஞ்சம் தன் முதலைச் செலவழித்துக்கொண்டு வருகிறது.

பெரிய வாக்கியம்தான். ஆனால் அந்த ஆய்வுகளில் நான் நின்று படித்தது அந்த வாக்கியத்தில் அல்ல. தாங்கள் எடுத்துக்கொண்ட விகிதம் 3.6 என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் துறைக் கட்டுரைகளில் எடையின் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ஆல்ஃபாவை எண்ணாக்காமல் எழுத்தாகவே வைத்து, 3.6ஆல் வகுத்துக் காட்டும் வழக்கமும் உண்டு. நாளைக்கு ஒருவன் வேறு மதிப்பு சரியென்று கண்டால் அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். தமிழில் நாம் எழுதுகிற விமரிசனங்களில் அப்படி ஒரு அடைப்புக்குறிக்கு இடம் விட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தேன். பெயர்கள் அதிகம் வரவில்லை.